நாலு பேரு, இரண்டாம் பாகம்

மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரின் மவுஸில் மட்டும் தோல் வாடை அடிக்கும். ஆம்பூரில் பிறந்தவனுக்குத் தோல் வாடை ஒரு விஷயமே இல்லை; சர்ச் பெஞ்சு, பள்ளிக்கூட வராந்தா, கல்யாண வீட்டுப் பிரியாணி என்று எல்லாவற்றோடும் அது கலந்துதான் எங்கள் மூக்குக்கு வந்து சேரும். வெளியூர் உறவுக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தும்போது, "இன்னா ஓவரா பண்றாங்க" என்று எங்களுக்குக் கோபம்தான் வரும். வாடைக்கு முகம் சுளிக்காமல் இருப்பதில் ஒரு பெருமைகூட இருந்தது எங்களுக்கு. ஆனால் அந்த மவுஸில் அடித்தது அதைவிடக் கிட்டத்தில் இருந்து வந்த வாடை: ஊறிய தோல், சுண்ணாம்பு, அதற்கு மேல் அவசரமாகத் தேய்த்த சிவப்பு சோப்பு. யூசுப் அண்ணன் விளையாடிவிட்டு எழுந்து போன பிறகு அந்த மவுஸைத் தொட்டவன், வீட்டில் சோற்றில் கை வைக்கும் முன் விரலை ஒரு தரம் முகர்ந்து பார்ப்பான்.

யூசுப் அண்ணன், என் தோஸ்த் நதீமின் அண்ணன். நதீமும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவர்கள் வீட்டில் உருது, எங்கள் வீட்டில் தமிழ், எங்களுக்குள் இரண்டையும் போட்டுக் கிண்டிய ஒரு கிச்சடி. அவர்கள் அப்பாவுக்கு நெஞ்சுக் கோளாறு வந்து வேலைக்குப் போக முடியாமல் ஆனதும், யூசுப் அண்ணன் பத்தாவது முடித்த கையோடு தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் 'டிரம் செக்‌ஷனில்' சேர்ந்துவிட்டார். ஓர் அறை அளவுக்குப் பெரிய மர உருளைகள் நாள் முழுக்கச் சுழன்றுகொண்டிருக்கும். அவற்றுக்குள் தோலைப் போடுவதும் எடுப்பதும் வேலை. அவர் விரல் நகங்களில் எப்போதும் வெளிறிய ஒரு நீலம் பாய்ந்திருக்கும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்களிடம் வந்துவிடுவார், அந்த நகங்களோடு.

எங்களிடம் என்றால், பஜார் தெருவில் செருப்புத் தைக்கிற நூல் விற்கும் கடைக்கு மேல் மாடியில் இருந்த 'நெட் சென்டருக்கு'. இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆரம்ப வருஷங்கள். மெயில் பார்க்க வருகிறவர்களைவிட, கேமில் சுட வருகிறவர்கள் ஜாஸ்தி. முதலாளியை எல்லோரும் 'சென்டர் பாய்' என்போம். செருப்பை வாசலில் கழற்ற வேண்டும், வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் எல்லோரும் எழுந்து வெளியே போக வேண்டும், கெட்ட வார்த்தை பேசினால் கரண்ட் மெயினை அணைத்துவிடுவார். இவை அவர் போட்ட சட்டங்கள். பையன்கள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: நாற்காலியில் ஒருவன் கைக்குட்டை போட்டுவிட்டால் அந்த இடம் அவனுடையது. யூசுப் அண்ணனுக்காக நதீமோ நானோ மூன்றாம் நம்பரில் கைக்குட்டை போட்டு வைப்போம். அதை எடுக்க எவனுக்கும் தைரியம் வந்ததில்லை.

நாங்கள் விளையாடிய விளையாட்டின் நிஜப் பெயர் என்னவென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. சிடியின் மேல் மார்க்கரில் கிறுக்கியிருந்தது எப்போதோ அழிந்து போயிருந்தது. நாலு சிப்பாய்கள் ஒன்றாகப் போகிற கதை என்பதால் 'நாலு பேரு' என்போம். விடாமல் மழை பெய்துகொண்டிருக்கும் ஏதோ ஒரு ஊர், கைவிட்ட ஒரு தொழிற்சாலை, உள்ளே எதிரிகள். கம்ப்யூட்டர்களை ஒயரால் கோத்திருந்ததால், நாலு நாற்காலியில் உட்கார்ந்த நாலு பேரும் ஒரே கூட்டமாக உள்ளே போகலாம். முகங்களெல்லாம் அட்டைப்பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும், மழை வெள்ளைக் கோடு கோடாக விழும், அதைப் பற்றியெல்லாம் யார் கவலைப்பட்டார்கள்! அதில் எங்களைக் கட்டிப்போட்ட விஷயம் வேறு. குண்டு பட்டு விழுந்தவன் உடனே சாக மாட்டான். தரையில் கிடந்தபடி ஒரு கையை மட்டும் மேலே நீட்டுவான். கூட்டாளி ஓடிப்போய்ப் பக்கத்தில் குந்தி 'ஈ' கீயை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தால், அந்தக் கையைப் பிடித்து எழுந்துவிடுவான். எங்கள் பாஷையில் இதற்கு 'தூக்கறது' என்று பெயர்.

யூசுப் அண்ணனுக்குச் சுடவே வராது. எதிரி மூக்குக்கு முன்னால் நின்றாலும் குண்டு கூரைக்குத்தான் போகும். ஆனால் எவன் எங்கே விழுந்தாலும், எத்தனை துப்பாக்கி எதிரே இருந்தாலும், அவர் சிப்பாய் தலையைக் குனிந்துகொண்டு ஓடி வந்துவிடுவான். வாயால் வேறு சத்தம் கொடுப்பார்: "இரு, வந்துட்டேன்." ஆட்டம் முடிந்ததும் திரையில் வருகிற பட்டியலில் சுட்டதற்குத்தான் மதிப்பு, தூக்கியதற்கு ஒன்றும் கிடையாது; அதனால் அவர் பெயர் எப்போதும் கடைசி. பையன்கள் அவரை 'ஆம்புலன்ஸ்' என்று ஓட்டுவார்கள். மூன்றாம் நம்பரில் அவர் உட்காரும்போதே யாராவது ஆம்புலன்ஸ் ஊளையிடுவான், அவரும் சிரித்துக்கொண்டே தலையில் கை வைத்து விளக்கு சுழற்றிக் காட்டுவார். ஆனால் கூட்டு சேர்க்கும்போது எல்லோரும் முதலில் கூப்பிட்டது அவரைத்தான். அவர் இருந்தால் சாவு இல்லை என்று ஒரு நம்பிக்கை.

இரண்டாம் பாகம் வரப்போகிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் சென்டர் பாய். சென்னை ரிச்சி தெருவுக்கு மவுஸ் வாங்கப் போனவர், அங்கே ஒரு கடையில் அதன் விளம்பரப் படத்தைப் பார்த்ததாகச் சொன்னார். "நாலு பேரு ரெண்டு" என்று அவர் சொன்னதும் நதீம், நாலா ரெண்டா ஏதாவது ஒண்ணு சொல்லுங்க பாய் என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தான். அன்றிலிருந்து அதில் என்னவெல்லாம் இருக்கும் என்பதே பேச்சு. ஒருவன் ஹெலிகாப்டர் ஓட்டலாம் என்றான், இன்னொருவன் நாய் வருமாம் என்றான். யூசுப் அண்ணன் சொன்னதுதான் எங்கள் மனதில் ஒட்டிக்கொண்டது. விழுந்தவனை அங்கேயே குந்தித் தூக்கத் தேவையில்லையாம், தோளில் போட்டுக்கொண்டு வெளியே கொண்டுவந்துவிடலாமாம், ஒரே நேரத்தில் இரண்டு பேரைக்கூட. இதை அவர் எங்கே கேள்விப்பட்டார் என்று யாரும் விசாரிக்கவில்லை. ஆசைப்பட்டதைச் சொன்னாரோ என்னவோ, எங்களுக்கு அது அச்சில் வந்த செய்தி மாதிரி ஆகிவிட்டது.

அது மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து நான் நேராக சென்டருக்குப் போய், மூன்றாம் நம்பரில் கைக்குட்டை போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உப்புத் தோல் லாரி வந்திருக்கிறது, இறக்க ஆள் கம்மி என்று யூசுப் அண்ணனை லீவு நாளிலும் டேனரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முடித்துக்கொண்டு வந்துவிடுவார் என்று நதீம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். மதியம் தாண்டியும் இரண்டு பேரும் வரவில்லை. கீழே தெருவில் ஆட்கள் ஒரே பக்கமாக ஓடுகிற சத்தம் கேட்டது. சென்டர் பாய் ஜன்னலில் எட்டிப் பார்த்து யாரையோ என்னவென்று கேட்டார். பிறகு திரும்பி வந்து மெயினை அணைத்தார். யாரும் கெட்ட வார்த்தை பேசியிருக்கவில்லை.

டேனரியில் கழிவுநீர்த் தொட்டி வேலையை ஞாயிற்றுக்கிழமைதான் செய்வார்கள்; டிரம்கள் நின்றிருக்கும், தண்ணீர் வராது. அன்றைக்கு அடைப்பெடுக்க ஒருவர் உள்ளே இறங்கியிருக்கிறார். இறங்கியவர் அப்படியே சரிந்திருக்கிறார். மேலே நின்றிருந்தவர், உள்ளே போனவன் கால் வழுக்கி விழுந்துவிட்டான் என்று நினைத்து இறங்கினார், அவரும் எழவில்லை. லாரிப் பக்கத்திலிருந்து ஓடி வந்த யூசுப் அண்ணனுக்கும் தொட்டிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் வேலை உருளையில், அன்றைய வேலை லாரியில். அங்கே இருந்த தண்ணீர் தெளிக்கும் அம்மா பிற்பாடு சொன்னதை ஊரே கேட்டது. அந்தப் பையன் எட்டிப் பார்த்தான், 'இரு, வந்துட்டேன்' என்று உள்ளே பார்த்துச் சொன்னான், இறங்கினான், அவ்வளவுதான்.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான். தொட்டிக்குள் தேங்கியிருந்த அந்த விஷவாயுவுக்கு நிறம் இல்லை. நாற்றம் உண்டு, ஆனால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்துவிடும் என்கிறார்கள். வேறு ஊர்க்காரன் யாராவது அந்த விளிம்பில் நின்றிருந்தால் குடலைப் பிடுங்குகிற நாற்றத்துக்கே பத்தடி பின்னால் போயிருப்பான். வாடையைக் கண்டு பின்வாங்குகிற வழக்கம் எங்கள் ஊரில் யாருக்கு இருந்தது? மூக்கைப் பொத்துகிறவனைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பெருமையை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

என் அம்மா ஆம்பூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்கு அவளுக்கு டியூட்டி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் யூனிபார்மைக்கூட மாற்றாமல் கிணற்றடியில் உட்கார்ந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"மூணு பேரையும் தொட்டி வேலைக்காரங்கன்னு போலீஸ்ல எழுதிக்கினு போறாங்க. ஒருத்தர்தான் வேலைக்கு எறங்கினவரு. மத்த ரெண்டு பேரும் தூக்கப் போனவங்க."

'தூக்க' என்ற அந்த வார்த்தையை அவள் எங்களிடமிருந்து கற்றிருக்கவில்லை. அவளுக்கு 'நாலு பேரு' என்று ஒரு விளையாட்டு இருப்பதே தெரியாது. நான் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

யூசுப் அண்ணனின் இறுதி ஊர்வலத்தில் ஜனாஸாவின் பின்னால் நானும் சென்டர் பாயும் நடந்தோம். நதீம் முன்னால் போனான், அழவில்லை. அன்றைக்குத் தொட்டிக்கரையில் அவன் நின்றிருந்தபோது, மூன்று பேரையும் மேலே கொண்டுவந்து கிடத்திய பிறகு, ஒரு தீயணைப்புக்காரர் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாராம், எறங்கவே கூடாது, மேலேயே நின்னு கத்தணும், ஆளைக் கூப்பிடணும் என்று. அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். நதீம் அதற்குப் பிறகு பேச்சையே நிறுத்திவிட்டான். வகுப்பில் வாத்தியார் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பான், பதில் வராது. ஊர் கொஞ்ச நாள் பேசியது. விதி என்றார்கள், நல்ல பையன் என்றார்கள், இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். திங்கட்கிழமை மற்ற டேனரிகளில் டிரம் சுழன்றது. அந்த டேனரியிலும் சில நாளில் சுழன்றது.

நதீம் சென்டருக்கு வரவில்லை. மூன்றாம் நம்பரில் யாரும் உட்காரவும் இல்லை. கைக்குட்டை இல்லாமலேயே அது காலியாகக் கிடந்தது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, என் தோஸ்த் பழையபடி வாயைத் திறக்க வேண்டும். தினமும் பள்ளி விட்டதும் அவன் கூடவே வீட்டு முனை வரைக்கும் நடப்பேன், கிரிக்கெட்டு, வாத்தியார், சினிமா என்று நானே பேசிக்கொண்டு போவேன், அவன் தரையைப் பார்த்துக்கொண்டு வருவான். பல மாதம் இப்படியே போயிற்று. ஒரு நாள் வீட்டு முனையில் நின்று அவனாகவே கேட்டான்: "ரெண்டாவது எப்ப வருதாம்?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் சென்டர் பாயிடம் சொன்னேன். அவரும் புரிந்துகொண்டார். அதற்கப்புறம் நதீம் பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான். தோளில் போட்டுக்கொண்டு ஓடும்போது சுட முடியுமா, இரண்டு பேரைத் தூக்கினால் ஓட்டம் மெதுவாகுமா, எவ்வளவு தூரம் கொண்டுவர வேண்டும். பாய்ஜான் சொன்னபடி என்று, அண்ணனை அவன் கூப்பிடுகிற பெயரில், ஒவ்வொரு தடவையும் சேர்த்துக்கொள்வான். அவன் அண்ணனைப் பற்றிப் பேசியது அந்த ஒரு வழியில் மட்டும்தான். நானும் தெரிந்ததையும் தெரியாததையும் சொல்லிப் பேச்சை அறுபடாமல் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த வெயிலில் அது வந்தது. பழைய கம்ப்யூட்டர்களில் ஓடாது என்று சென்டர் பாய் நான்கு மெஷினைத் திறந்து புது கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தார். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, எல்லோருக்கும் சர்பத் கொடுத்தார். நான் முன்னாலேயே போய் மூன்றாம் நம்பரில் கைக்குட்டை போட்டு வைத்தேன். நதீம் வந்தான், வாசலில் செருப்பைக் கழற்றினான், யாரையும் பார்க்காமல் அதில் உட்கார்ந்தான். அன்றைக்கு யாரும் ஆம்புலன்ஸ் ஊளையிடவில்லை.

முதல் ஏமாற்றம் மழை. அதைக் காணோம். பளீரென்று வெயிலடிக்கும் ஒரு பாலைவனம், சினிமா நடிகன் மாதிரி முகம் உள்ள சிப்பாய்கள், ஒவ்வொருவன் தாடியிலும் முடி தனித்தனியாகத் தெரிந்தது. முக்கால்வாசி நேரம் அவர்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டே நின்றார்கள், ஒன்றும் விளங்கவில்லை. கார்டு புதிதாக இருந்தும் படம் திக்கித் திக்கி ஓடியது. நாய் இல்லை, ஹெலிகாப்டர் வந்தது, ஆனால் ஏற முடியாது. பின் வரிசையில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. சென்டர் பாய் பாவம், உள்ள போகப் போக நல்லா இருக்கும்பா என்று ஒவ்வொரு நாற்காலியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

உள்ளே போகப் போக ஒரு தண்ணீர் பம்ப் அறை வந்தது. அங்கே எனக்குக் குண்டு பட்டது. என் சிப்பாய் மல்லாந்து விழுந்தான், திரை சாம்பல் நிறமானது, என் ஆளை நானே மேலிருந்து பார்ப்பது போல் தெரிந்தது. கை நீளவில்லை. நதீமின் சிப்பாய் தலையைக் குனிந்துகொண்டு ஓடி வந்தான், அப்படியே அவன் அண்ணன் ஓடுகிற மாதிரி. பக்கத்தில் குந்தினான். நதீம் 'ஈ'யை அமுக்கினான். ஒன்றும் ஆகவில்லை. அமுக்கிக்கொண்டே இருந்தான். பின்னாலிருந்து சுட்டார்கள், அவனும் என் மேலேயே விழுந்தான்.

"மறுபடி போலாம். நீ அங்கேயே விழு" என்றான் நதீம்.

மறுபடி போனோம். எதிரிக்கு முன்னால் போய் நின்று வேண்டுமென்றே குண்டு வாங்கி அதே இடத்தில் விழுந்தேன். வந்து குந்தினான். இந்தத் தரம் 'ஈ' போய், அதன் பக்கத்துக் கீ, அதற்குப் பக்கத்துக் கீ, என்டர், நீளமான ஸ்பேஸ், மேலே இருந்த எண்கள் என்று அந்தப் பலகையில் இருந்த ஒவ்வொன்றையும் விரலால் தேடித் தேடி அமுக்கினான். அவன் சிப்பாய் குதித்தான், குனிந்தான், டார்ச் அடித்தான், துப்பாக்கி மாற்றினான். நான் கிடந்தேன். சென்டரில் மற்றவர்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு அந்தக் கீ சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். சென்டர் பாய் வந்து அவன் தோளில் கை வைத்தார். அதுல இருந்தது இதுல கெடையாதுப்பா, விழுந்தா விழுந்ததுதான் என்று மெதுவாகச் சொன்னார்.

நதீம் கையை எடுத்தான்.

"இந்த கேம பண்ணவன்தான் கரெக்டா பண்ணியிருக்கான்" என்றான்.

எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மாடிப்படி இறங்கிப் போய்விட்டான். என் கைக்குட்டை அந்த நாற்காலியில்தான் கிடந்தது. அவன் அதன் மேல் உட்காராமல் ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

அதன் பிறகு அவன் அந்தப் படியில் ஏறவில்லை. பள்ளிக்கூடத்தையும் பாதியில் விட்டுவிட்டு ஷூ கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். என்னைப் பார்த்தால் தலையாட்டுவான், நிற்க மாட்டான். அந்த விளையாட்டைச் செய்தவர்கள் எந்த நாட்டுக்காரர்களோ, ஒரு அறையில் உட்கார்ந்து, இந்தத் தூக்குகிற சமாசாரம் ஆட்டத்தை இழுக்கிறது, வேண்டாம் என்று முடிவு செய்திருப்பார்கள். ஆம்பூரில் ஒருவன் அதை நம்பி வாயைத் திறந்தான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லைதான். இருந்தாலும் அவர்களை நான் திட்டாத திட்டு இல்லை. பையன்களுக்கும் அது பிடிக்கவில்லை. கொஞ்ச நாளில் சென்டர் பாய் பழைய சிடியையே மறுபடி போட்டார். எனக்கு அதையும் விளையாட முடியவில்லை. ஒருவன் விழுந்து கையை நீட்டும்போதெல்லாம், இவ்வளவு சுலபமா என்று எழுந்துவிடுவேன்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு ஆம்பூர் போனபோது பஜார் தெருவில் நின்று மாடியைப் பார்த்தேன். சென்டர் இருந்த இடத்தில் மொபைல் ரிப்பேர்க் கடை. நூல் கடையும் இல்லை. சென்டர் பாய் இறந்துவிட்டார் என்றார்கள். அவரோடு அந்த ஒயர்கள், கறுப்புத் துணி, அழிந்த எழுத்துள்ள சிடி எல்லாம் எங்கே போயிற்றோ. தோல் வாடை முன்னைப் போல இல்லை. இருக்கிற கொஞ்சத்துக்கே இப்போது நான் கைக்குட்டையை எடுக்கிறேன். நாலு தப்படி நடந்த பிறகு என் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். "சாமு." நரைத்த தாடியோடு நதீம். இந்தத் தரம் அவன் நின்றான். வீட்டுக்கு வா என்றான்.

போனேன். அவன் இப்போது கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். மனைவி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அவனே டீ போட்டான். பெரிதாக எதுவும் பேசவில்லை. பழையது எதையும் தொடவில்லை. கூடத்தில் அவன் மகன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் ஏதோ சுட்டுக்கொண்டிருந்தான். எங்கெங்கோ வீடுகளில் இருக்கும் தோஸ்துகளோடு சேர்ந்து ஆடுகிறான் என்பது அவன் பேச்சிலிருந்து தெரிந்தது. திடீரென்று குரலை உயர்த்தி, "இரு, வந்துட்டேன்" என்றான்.

நதீம் இரண்டு டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டான்.

"போவாதே" என்றான். குரல் உயரவில்லை. "மேலேயே நின்னு கத்து. ஆளக் கூப்பிடு."

"இது கேமு அப்பா" என்றான் பையன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவன் கட்டைவிரல் எதையோ அமுக்கிப் பிடித்திருந்தது. கொஞ்சம் பொறுத்து, போனை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினான். புழுதியில் கிடந்த ஒரு சிப்பாய் எழுந்து, தட்டிக்கொண்டு, ஓட ஆரம்பித்திருந்தான்.

"பாருங்க, எழுந்துட்டான்."

நதீம் டம்ளர்களைத் தரையில் வைத்தான். மகனுக்குப் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, அந்தச் சின்னத் திரையைக் கண்ணுக்குக் கிட்டே இழுத்துப் பார்த்தான்.

"எந்த பட்டன அமுக்கின?" என்று கேட்டான்.